மாத்திரைக்கு முன் ஒரு பெயர்: நக ஈஸ்ட்டுகளும் மருந்துச் சோதனையும்



பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவும் களையெடுப்பும் நடக்கிற மாதங்களில் இந்தக் கடலூர் சாலை மருத்துவமனைகளின் தோல் பிரிவுக்கு ஒரு வகைக் கை வரும். நகக்கண் ஓரம் தடித்துச் சிவந்திருக்கும். அழுத்தினால் ஒரு துளி சீழ் எட்டிப் பார்க்கும். நகத்தின் அடியில் தோலோடு ஒட்டிக் காவல் காக்கிற மெல்லிய சவ்வு காணாமல் போயிருக்கும். நகம் பக்கவாட்டிலிருந்து பழுத்து, குறுக்கே வரிவரியாக மேடு தட்டியிருக்கும். "நகச்சுத்தி, வந்து வந்து போவுது" என்பார் கைக்கு உரியவர். எலுமிச்சம்பழத்தைச் சொருகிப் பார்த்திருப்பார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டியிருப்பார். நரம்பை, பன்னித்திட்டுப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியும் மீனுமாக நாளெல்லாம் ஈரத்தில் நிற்கிற பெண்களின் கையும் இதே கைதான். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர், மாவு அரைத்து விற்கிறவர், துணி வெளுக்கிறவர் எல்லாருக்கும் அப்படியே.

கால் நகம் வேறு கதை. கட்டைவிரல் நகம் தடித்து மஞ்சளாகும், அடியில் மாவாகப் பொடிந்து கொட்டும், வலிக்காது. பல வருஷம் யாரும் கவலைப்படுவதில்லை. இரண்டையும் ஊர் நகச்சொத்தை என்றே சொல்லும். மருந்துக் கடையிலும் இரண்டுக்கும் ஒரே மாத்திரைப் பட்டைதான் கிடைக்கும். ஆய்வுக்கூடத்துக்காரனான எனக்கு மறுப்பு இருப்பது அந்த ஒரே பட்டையிடம்தான்.

நகத்தைத் தின்கிற பூஞ்சைகளில் பெரிய கூட்டம் டெர்மட்டோபைட்டுகள்; படர்தாமரைக்குக் காரணமான அதே குடும்பம். கால் நகத்தில் அவைதான் அதிகம், அவற்றிலும் ட்ரைக்கோபைட்டான் ரூப்ரம் முதலிடம். இரண்டாவது கூட்டம் ஈஸ்ட்டுகள், முக்கியமாகக் கேண்டிடா இனங்கள். இவற்றுக்குக் கை நகமும் ஈரமும் பிடிக்கும். ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற மண் பூஞ்சைகள் மூன்றாவது. அவற்றை இன்று விட்டுவிடுகிறேன்.

பிரிப்பதால் என்ன லாபம்? டெர்பினாஃபைன் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 250 மில்லிகிராம். கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். டெர்மட்டோபைட்டை அது கொல்லும். கேண்டிடா அல்பிகன்ஸை அப்படிக் கொல்வதில்லை, வளர்ச்சியைத்தான் தடுத்து வைக்கும். பழைய மருந்தான கிரிசியோஃபல்வினுக்குக் கேண்டிடாவிடம் வேலையே இல்லை. ஃப்ளூகோனசோலும் இட்ராகோனசோலும் ஈஸ்ட்டிடம் வேலை செய்யும், ஆனால் எல்லா ஈஸ்ட்டிடமும் அல்ல. கேண்டிடா க்ரூசி பிறவியிலேயே ஃப்ளூகோனசோலுக்கு மசியாதது. கிளாப்ராட்டா பாதி மசியும், அதுவும் அளவைக் கூட்டினால். கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகம் அதில் பாதிகூட வளராது. முழு நகம் புதிதாக வர கையில் ஆறு மாதம், காலில் ஒரு வருஷத்துக்கு மேல். தவறான மருந்தைத் தொடங்கினால், தவறு என்று தெரியவே அத்தனை மாதம் போய்விடும். காய்ச்சல் என்றால் மூன்றாம் நாளே தெரிந்துவிடும்.

மாதிரி எடுப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிச் சோதனை அங்கேயே கெட்டுப்போகிறது. ஓர் அக்கா நாற்காலியில் வந்து உட்காருகிறார். நகம் நல்ல சிவப்பு. எங்கள் டெக்னீஷியன் தம்பி கேட்கிறார்: "யக்கா, கைக்கு என்னா போட்டீங்க?" "மருதாணிதான் வச்சேன் தம்பி, சேத்துப்புண்ணுக்கு நல்லதுன்னு. அதுக்கு முன்ன மெடிக்கல்ல ஒரு ட்யூபு குடுத்தாங்க, ஒரு மாசம் போட்டேன்." "நேத்து வரைக்கும் போட்டீங்களா?" "காலையிலகூடப் போட்டுட்டுத்தான் வந்தேன்." அந்த ட்யூபில் பூஞ்சை மருந்து இருந்தால் வளர்ப்புத் தட்டில் எதுவும் வளராது, நாம் பூஞ்சை இல்லை என்று எழுதிக் கொடுப்போம். ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு அடங்கியிருக்கும், பூஞ்சை செழித்திருக்கும். இரண்டும் கலந்த ட்யூப்தான் நம்மூரில் அதிகம் விற்கிறது. அவரை ட்யூபை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொல்ல வேண்டும். பாகூரிலிருந்து பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு வந்தவரிடம் அதைச் சொல்வது சுலபமில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நகத்தை எழுபது சதவீத ஸ்பிரிட்டால் துடைத்து, தளர்ந்த பகுதியை வெட்டி, அதற்கடியில் நல்ல நகத்தை ஒட்டியிருக்கும் பொடியைச் சுரண்டி எடுக்க வேண்டும். முதலில் வருகிற மேற்பொடியைத் தள்ளிவிடுவோம். அதில் இருப்பது ஊர்த் தூசு. உயிருள்ள பூஞ்சை உள்ளே இருக்கிறது. நகச்சுத்தி என்றால் நகக்கண் மடிப்புக்கு அடியிலிருந்தும் எடுக்க வேண்டும். சிறு சீவலாக நறுக்கிய நகத்தில் ஒரு பங்கை ஸ்லைடில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றுகிறோம். தோல் செதிளுக்குப் பத்து சதவீதம் போதும். நகத்துக்கு இருபதிலிருந்து நாற்பது வரை வேண்டும், சில நகங்களை இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பத்து நிமிஷத்தில் பார்த்தால் கண்ணாடித் துண்டாகத்தான் தெரியும். நன்றாகக் கரைந்த பிறகு நுண்ணோக்கியில் இரண்டில் ஒன்று தெரியும்: குறுக்குச் சுவரோடு நீளமாக ஓடுகிற இழை, அல்லது மொட்டு விட்டுக்கொண்டிருக்கும் ஈஸ்ட் செல்லும் அதோடு இடையிடையே இறுகிய போலி இழைகளும். முதலாவது டெர்மட்டோபைட்டைக் காட்டுகிறது, இரண்டாவது கேண்டிடாவை. ஒரு ஸ்லைடு, ஒரு துளி ரசாயனம், பழகிய ஒரு ஜோடிக் கண். மருத்துவர் கேட்கிற முதல் கேள்விக்கு அங்கேயே பாதி விடை கிடைத்துவிடும்.

மீதிச் சீவலை வளர்க்கப் போடுகிறோம். இங்கே ஒரு பிரெஞ்சுக்காரரைச் சொல்லாமல் போக முடியாது. ரெமோன் சபுரோ, 1864-இல் பிறந்தவர், பாரிஸ் சேன் லூயி மருத்துவமனையின் தோல் மருத்துவர். சிற்பமும் செய்வார். தலைப்படை பிடித்த பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்த காலத்தில் அந்தப் பிள்ளைகளுக்கென்றே உழைத்தவர். அவர் காலத்தில் ஒரே பூஞ்சையை இரண்டு பேர் வளர்த்தால் இரண்டு உருவம் வரும், இரண்டு பெயர் வைப்பார்கள். எல்லாரும் ஒரே சர்க்கரை, ஒரே பெப்டோன், ஒரே அளவில் போட்டு வளர்த்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும் என்று பிடிவாதம் பிடித்தார் சபுரோ. அவர் பெயர் தாங்கிய வளர்ப்பு ஊடகமான அகார், சேர்மானம் கொஞ்சம் மாறினாலும், இன்றும் உலகத்தின் எல்லாப் பூஞ்சை ஆய்வுக்கூடங்களிலும் இருக்கிறது. அவர் வேலை செய்த நாளில் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. புதுச்சேரியில் 1823-லேயே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியிருந்தார்கள். அதன் வழிவந்ததுதான் ஜிப்மர். இன்று கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அடுத்த ஊரான பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு கொம்யூனுக்குள் இரண்டு நுண்ணுயிரியல் துறைகள் என்பது கிராமப்புறத்துக்கு எளிதில் கிடைக்காத வசதி. அதனால்தான் இந்தத் தலைப்பை இங்கே பேசத் துணிந்தேன்.

சபுரோ அகாரில் இரண்டு குழாய் போட வேண்டும். ஒன்றில் பாக்டீரியாவை அடக்க ஆன்டிபயாடிக் மட்டும். இன்னொன்றில் அதோடு சைக்ளோஹெக்சிமைடு. இரண்டாவது குழாய் மண் பூஞ்சைகளை அடக்கி டெர்மட்டோபைட்டை வளர விடும். ஆனால் பாராப்சிலோசிஸ் போன்ற சில கேண்டிடாக்களையும் சேர்த்து அடக்கிவிடும். செலவு மிச்சம் என்று சைக்ளோஹெக்சிமைடு குழாயை மட்டும் வைத்துக்கொண்டால் அந்த ஈஸ்ட்டுகளை நாமே கொன்றுவிட்டு, வளரவில்லை என்று எழுதுவோம்.

ஈஸ்ட் என்றால் இரண்டு மூன்று நாளில் பால்நிறத்தில் வழுவழுப்பான குவியல் வந்துவிடும். கேண்டிடா எல்லாமே இந்த நிலையில் ஒன்றுபோல்தான் இருக்கும். பெயர் கண்டுபிடிக்கும் வேலை இதற்குப் பிறகுதான். அதில் எனக்குப் பிடித்தது 1956-இல் ரெனால்ட்ஸும் பிராடியும் சொன்ன சோதனை. அரை மில்லி சீரத்தில் குவியலிலிருந்து மிகக் கொஞ்சம், ஊசிமுனைக்கு எடுத்துக் கலக்கி 37 டிகிரியில் வைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சொட்டைப் பார்த்தால், அல்பிகன்ஸாக இருந்தால் செல்லிலிருந்து சிறு குழல் ஒன்று முளைத்திருக்கும். குழல் செல்லோடு சேருகிற இடத்தில் இடுப்பு ஒடுங்கியிருக்கக் கூடாது. ஒடுங்கியிருந்தால் அது போலி இழை, கேண்டிடா ட்ராபிகாலிஸாக இருக்கலாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, அப்போது மற்றவையும் நீட்டத் தொடங்கும். அதிகமாக அள்ளிப் போட்டாலும் கெடும், கூட்ட நெரிசலில் அல்பிகன்ஸே முளைக்காது. மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் காரணத்தால்தான். தெரிய வேண்டுமே என்ற ஆசையில் ஒரு கரண்டி போட்டுவிடுகிறார்கள்.

குழல் வராதவற்றுக்கு மக்காச்சோள மாவு அகார். டுவீன் 80 கலந்த அந்தத் தட்டில் கோடு கிழித்து, மேலே கண்ணாடி வில்லை வைத்து, அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் வைத்தால் ஒவ்வொன்றும் தன் உருவத்தைக் காட்டும். அல்பிகன்ஸுக்கு இழை நுனியில் தடித்த சுவருள்ள உருண்டை வித்து. க்ரூசிக்குத் தீக்குச்சிகளைக் குறுக்கும் நெடுக்கும் போட்டதுபோல நீண்ட செல்கள். கிளாப்ராட்டாவுக்கு இழையே கிடையாது, வெறும் சின்ன உருண்டைகள். கையில் நேரம் குறைவாக இருப்பவர்கள் நிறத் தட்டுக்குப் போகலாம். பாரிஸைச் சேர்ந்த அலன் ராம்பாக் உருவாக்கிய அந்த அகாரைப் பற்றி ஆட்ஸும் பெர்னெர்ட்ஸும் 1994-இல் எழுதினார்கள். அல்பிகன்ஸ் பச்சையாகவும், ட்ராபிகாலிஸ் எஃகு நீலமாகவும், க்ரூசி ஓரம் பிசிறிய ரோஜா நிறமாகவும் வரும். மும்பையில் தயாராகிற நிறத் தட்டும் கிடைக்கிறது. ஒரே நகத்தில் இரண்டு கேண்டிடா கலந்திருந்தால் இந்தத் தட்டு உடனே காட்டிக்கொடுக்கும்; சபுரோ அகாரில் அது தெரியாமலே போயிருக்கும். வெளிர் ஊதாவில் வருகிறவற்றை மட்டும் நிறத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். எந்தச் சர்க்கரையை ஈஸ்ட் பயன்படுத்துகிறது என்ற சோதனையோ, வசதியுள்ள இடத்தில் தானியங்கிக் கருவியோ வேண்டும். கருவியும் தெய்வமில்லை. 2009-இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸைப் பல வருஷம் கருவிகள் ஹீமுலோனி என்ற வேறு பெயரில் சொல்லிக்கொண்டிருந்தன.

ஓர் இடைச்செருகல். தட்டில் கேண்டிடா வந்துவிட்டது என்பதாலேயே நோய்க்குக் காரணம் அதுதான் என்று ஆகாது. அது நம் வாயிலும் குடலிலும் குடியிருப்பது, கைக்கு வர அதிக தூரமில்லை. நகச்சுத்தி விஷயத்தில் இது இன்னும் தீவிரமானது. இத்தாலியில் தோஸ்தி குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் நாள்பட்ட நகச்சுத்திக்குப் பூஞ்சை மாத்திரையைவிட மேலே பூசுகிற ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்தது. சோப்பும் தண்ணீரும் மீன் நீரும் அரித்த தோலின் ஒவ்வாமைதான் பல கைகளில் முதல் காரணம், கேண்டிடா திறந்த கதவில் நுழைந்த விருந்தாளி. ஆகவே ஸ்லைடிலும் போலி இழை தெரிய வேண்டும், தட்டிலும் திரும்பத் திரும்ப அதே ஈஸ்ட் வர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நான் அதைக் குற்றவாளி என்பேன். ஸ்லைடு வெறுமையாக இருந்து தட்டில் மட்டும் இரண்டு குவியல் வந்தால் அறிக்கையில் அதை அப்படியே எழுத வேண்டும். "கேண்டிடா வளர்ந்தது" என்று ஒற்றை வரி போட்டு அனுப்பினால் மருத்துவர் மாத்திரை எழுதத்தான் செய்வார்.

இனி மருந்துச் சோதனை. பூஞ்சை மருந்துகளே தாமதமாக வந்தவை. 1950-இல் நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் வர்ஜீனியாப் பண்ணை மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து நிஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார்கள். நம் பிம்ப்ரியில் 1954-இல் தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸில் திருமலாச்சாரின் குழுவினர் அதே பாணியில் ஹாமைசினைத் தந்தார்கள். மருந்து வந்த அளவுக்குச் சோதனை வரவில்லை. ஒரே ஈஸ்ட்டை இரண்டு ஆய்வுக்கூடம் சோதித்தால் விடை பல மடங்கு மாறுபட்டது. அமெரிக்கத் தர நிறுவனம் 1997-இல்தான் எம்27 என்ற திரவ முறையை முழுமையாக ஏற்றது. எந்த ஊடகம், எத்தனை செல், எத்தனை மணி நேரம் என்று எல்லாம் வரையறுத்தார்கள். சபுரோவின் பிடிவாதம் நூறு வருஷம் கழித்து மருந்துக்கும் வந்து சேர்ந்தது.

அந்த முறைக்குத் தொண்ணூற்றாறு குழித் தட்டு வேண்டும். 2004-இல் வந்த எம்44 வட்டத்தாள் முறை நமக்கு ஏற்றது. பாக்டீரியாவுக்குப் பயன்படுத்துகிற அதே முல்லர்-ஹின்டன் அகாரில் இரண்டு சதவீதம் குளுக்கோஸும் கொஞ்சம் மெத்திலீன் நீலமும் சேர்க்க வேண்டும். குளுக்கோஸ் ஈஸ்ட்டை நன்றாக வளர வைக்கும். நீலம், மருந்துத் தாளைச் சுற்றி ஈஸ்ட் வளராமல் விடுகிற வட்டத்தின் விளிம்பைத் தெளிவாக்கும். 25 மைக்ரோகிராம் ஃப்ளூகோனசோல் வட்டத்தாளை வைத்து 35 டிகிரியில் ஒரு நாள். மறுநாள் வட்டத்தை அளக்கும்போது விளிம்புக்குள்ளே பொடிப்பொடியாகச் சில குவியல்கள் தெரியும். பாக்டீரியாக் கண்ணோடு பார்த்தால் அவற்றையும் எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்வோம். ஈஸ்ட்டில் அப்படியல்ல. வளர்ச்சி சட்டென்று குறைகிற இடத்தில்தான் அளவுகோலை வைக்க வேண்டும். கூடவே தரக்கட்டுப்பாட்டு ஈஸ்ட் ஒன்றையும் அதே நாளில் வைக்க வேண்டும்; அதன் வட்டம் சரியான எல்லைக்குள் வரவில்லையென்றால் அன்றைய தட்டு முழுக்கக் குப்பைக்கு.

அளந்த எண்ணை எந்த அட்டவணையில் பார்க்கிறோம் என்பதில்தான் எனக்குப் பெரிய வருத்தம். பழைய அட்டவணையில் 19 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் மருந்து கேட்கும். 14-ம் அதற்குக் கீழும் என்றால் கேட்காது. எந்தக் கேண்டிடா என்ற பேச்சே கிடையாது. பின்னால் இனத்துக்கு இனம் தனி எல்லை வந்தது. அல்பிகன்ஸுக்கு இப்போது 17-ம் மேலும் கேட்கும், 13-ம் கீழும் கேட்காது. திரவ முறையில் மாற்றம் இன்னும் கூர்மை. முன்பு 8 மைக்ரோகிராமில் அடங்கிய அல்பிகன்ஸை ஃப்ளூகோனசோலுக்கு அடங்கும் என்று எழுதினோம். 2012-க்குப் பிறகு அதே 8 எதிர்ப்பு என்று பொருள். ஈஸ்ட் மாறவில்லை, தாள் மாறிவிட்டது. இன்றும் பல ஆய்வுக் கட்டுரைகள் பழைய எல்லையில் கணக்குப் போடுகின்றன. இனப் பெயர் இல்லாமல் வட்டத்தின் அளவு மட்டும் வைத்திருப்பவரால் புதிய அட்டவணையைத் திறக்கவே முடியாது.

இன்னொன்றும் உண்டு. இந்த எல்லைகளை வகுத்தது இரத்தத்தில் பரவுகிற கேண்டிடாவை மனத்தில் வைத்து. நகத்துக்கென்று எல்லை எதுவும் இல்லை. ஃப்ளூகோனசோலும் டெர்பினாஃபைனும் நகத்துக்குள் சேர்ந்து, மாத்திரையை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் தங்குகின்றன. தட்டில் பார்க்கிற ஈஸ்ட்டோ ஒரு நாள் வயதுடைய, பசியெடுத்த ஈஸ்ட். நகத்துக்கடியில் படலம் கட்டிக் கிடப்பது வேறு. ஆகவே நகத்தைப் பொறுத்தவரை என் கருத்து இது: வட்டத்தின் அளவைவிட ஈஸ்ட்டின் பெயருக்குத்தான் மதிப்பு அதிகம். க்ரூசி என்று தெரிந்தால் ஃப்ளூகோனசோல் வட்டத்தாளை வைக்க வேண்டிய தேவையே இல்லை. அல்பிகன்ஸ் என்று தெரிந்து, நோயாளி முன்பு ஃப்ளூகோனசோல் போன்ற அசோல் மாத்திரை சாப்பிடாதவர் என்றால், பெரும்பாலும் கேட்கும். ட்ராபிகாலிஸ் என்றால் வட்டத்தாளை வையுங்கள். ஆசியாவில் அது அசோலுக்குப் பழகிவருகிறது. இந்தியாவில் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சண்டிகர் சக்ரவர்த்தி குழுவினர் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில் இரத்தத்தில் கிடைத்த கேண்டிடாக்களில் ட்ராபிகாலிஸ்தான் முதலிடம், 41.6 சதவீதம். மருந்து முடித்தும் நகம் தெளியாதவர், திரும்பத் திரும்ப வருகிறவர், நோய் எதிர்ப்பு குறைந்தவர்: இவர்களுக்கும் கட்டாயம் வைக்க வேண்டும். எல்லா நகத்துக்கும் எல்லா வட்டத்தாளையும் வைப்பது பட்டமேற்படிப்பு ஆய்வேட்டுக்கு உதவும். பாகூரிலிருந்து வருகிற கைக்கு அதனால் கூடுதல் பயனில்லை.

புதுச்சேரிக்கென்று ஒரு கவலையைச் சொல்லியாக வேண்டும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடளாவிய ஆய்வில் சர்க்கரை நோய் விகிதத்தில் கோவா 26.4 சதவீதம், புதுச்சேரி 26.3. நாட்டின் சராசரி 11.4. சர்க்கரை ஏறிய உடம்பில் கேண்டிடாவுக்கு இடம் கிடைப்பது தெரிந்ததுதான். அதிகம் பேசாதது மறுபக்கம். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை உடம்பு கரைக்கிற நொதியை ஃப்ளூகோனசோல் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி, நடவு வயலிலேயே மயக்கம் வரலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இரத்தக் கசிவு வரலாம். இதய பலவீனம் உள்ளவருக்கு நகத்துக்காக இட்ராகோனசோல் தரக் கூடாது. கீட்டோகோனசோல் மாத்திரையை நகத்துக்குத் தரவே கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை 2013-லேயே சொல்லிவிட்டது, கல்லீரல் காரணமாக. நகம் அசிங்கமாக இருப்பதால் யாரும் சாகமாட்டார்கள். தேவையில்லாத மாத்திரையால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு.

இங்கே இருக்கிற இளம் மருத்துவர்களிடம் கேட்டுக்கொள்வது, எங்களுக்கு மாதிரி அனுப்பும் சீட்டில் "நகச் சீவல், பூஞ்சைக்கு" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். கையா காலா, எந்த விரல், என்ன தொழில், எந்த ட்யூபை எத்தனை நாள் போட்டார், கடைசியாக எப்போது போட்டார், சர்க்கரைக்கு எந்த மாத்திரை என்று எழுதுங்கள். நாங்களும் அறிக்கையில் ஸ்லைடில் கண்டதைத் தனியாக, தட்டில் வந்ததைத் தனியாக, இனப் பெயரோடு எழுதித் தருகிறோம். வட்டத்தாள் வைத்திருந்தால் எந்த வருஷத்து அட்டவணை என்பதையும் சேர்த்து. நகச்சுத்தி இருக்கிறவர்கள் ரப்பர் கையுறை போடும்போது அடியில் பருத்திக் கையுறை ஒன்றும் போட வேண்டும், இல்லையென்றால் வியர்வையே ஈரமாகிவிடும். அதை வாங்கித் தருவது இந்தக் கூட்டத்தை நடத்துகிற அறக்கட்டளைக்குப் பெரிய செலவாக இருக்காது என்று நினைக்கிறேன். நிர்வாகிகள் யோசிக்க வேண்டும். நரம்பையில் முதலில் கொடுத்துப் பார்க்கலாம்.